மகன் பீரங்கிப் பிரிவுதான் வேண்டும் என்றால்

வணக்கம் அம்மா,

பிளஸ் டூ முடித்ததும் கடற்படைக்குத்தான் போவேன், அதிலும் கன்னரி என்ற பீரங்கிப் பிரிவுதான் வேண்டும் என்று தம்பி பிடிவாதமாக இருக்கிறான். பெர்சி ஸ்காட் என்ற பழைய பிரிட்டிஷ் அதிகாரியைப் பற்றிப் படித்ததிலிருந்து இப்படி என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே துறையில் மாட்டிக்கொண்டு மேலே வர முடியாமல் போய்விடுவானோ என்பது உங்கள் பயம். அவன் காட்டுகிற ஆளையே எடுத்துக்கொண்டு பேசலாம். ஸ்காட்டின் வாழ்க்கையில் உங்கள் கேள்விக்கும் பதில் இருக்கிறது, தம்பி கவனிக்காமல் விட்டிருக்கக்கூடிய சில விஷயங்களும் இருக்கின்றன.

ஸ்காட் 1853இல் லண்டனில் பிறந்தவர். அப்பா வழக்கறிஞர். 1866இல், 13 வயதில், 'பிரிட்டானியா' பயிற்சிக் கப்பலில் சேர்ந்தார். விக்டோரியா ராணி காலத்தில் அதிகாரியாக வேண்டிய பையனை இந்த வயதிலேயே எடுத்துக்கொண்டார்கள். பரீட்சை மட்டும் போதாது, யாராவது ஒருவரின் நியமனமும் வேண்டும், செலவுக்குக் குடும்பத்தில் பணமும் வேண்டும். பின்னாளில் பிரிட்டிஷ் கடற்படையையே மாற்றியமைத்த ஜான் ஃபிஷரும் 1854இல் 13 வயதில்தான் சேர்ந்தார். அவர் பிறந்தது இலங்கை மலையகத்தில், ரம்பொடையில். ஆறு வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட பிறகு தன் அப்பாவை அவர் பார்க்கவே இல்லை. நல்லவேளை, உங்கள் பிள்ளை 17 வயது வரை உங்களோடு இருந்துவிட்டுத்தான் போகப்போகிறான்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் கேப்டன் ஆகிவிட்டால் அதற்கு மேல் பதவிமூப்பு வரிசைப்படி உயர்வு வரும். அதற்குக் கீழேதான் நெரிசல். லெப்டினென்ட்டிலிருந்து கமாண்டர், கமாண்டரிலிருந்து கேப்டன் என்ற இரண்டு படிகளுக்கும் ஆள் பார்த்துத் தேர்வு செய்தார்கள். லெப்டினென்டாகவே காலம் கழித்தவர்கள் ஏராளம். கப்பலில் இடம் இல்லாதவர்கள் அரைச் சம்பளத்தில் கரையில் காத்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு லெப்டினென்ட் தனியாகத் தெரிய, ஒரு துறையில் தேர்ச்சி பெறுவது நல்ல வழி. ஃபிஷர், பிறகு ஜெல்லிகோ, ஸ்காட் மூவருமே கன்னரி வழியாக வந்தவர்கள்தான். ஸ்காட் 33 வயதில் கமாண்டர், 40 வயதுக்குள் கேப்டன். ஜெல்லிகோ 1914இல் மொத்தப் பெரும் கடற்படையணிக்கும் தலைமை ஏற்றார். சிறப்புத் துறை இவர்களுக்கு முட்டுச்சந்தாக இருக்கவில்லை.

அந்தத் துறையின் அன்றாட வேலை என்ன என்பதைத் தம்பி சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறானா என்பதுதான் நான் அவனிடம் கேட்க விரும்புவது. போர்ட்ஸ்மத்தில் 1830இல் 'எக்ஸலன்ட்' என்ற பழைய கப்பலில் கன்னரிப் பள்ளி தொடங்கியது. துறைமுகத்துக்காகத் தோண்டிய மண்ணைக் கொட்டி உயர்த்திய வேல் தீவுக்கு அது 1891இல் இடம் மாறியது. அங்கே தேர்ச்சி பெற வந்தவர்கள் கற்றதில் பீரங்கிச் சத்தம் ஒரு பகுதிதான். கணிதம், வெடிமருந்து, இயந்திர அமைப்பு, அணிவகுப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. கன்னரி அதிகாரி தன் கையால் சுடுகிறவர் அல்ல. நூற்றுக்கணக்கான மாலுமிகளைச் சரியாகச் சுட வைப்பவர். ஸ்காட்டே அந்தப் பள்ளியில் பல ஆண்டுகள் பயிற்றுநராக இருந்திருக்கிறார்.

அப்புறம், அந்தக் காலக் கடற்படையில் கன்னரியை யாரும் பெரிதாக மதிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கப்பல் பளபளவென்று இருக்கிறதா என்பதை வைத்துத்தான் கேப்டனின் பெயர் நின்றது. பயிற்சிக்காகச் சுட்டால் புகை படிந்து பெயின்ட் கெட்டுப்போகும் என்று தயங்கிய கப்பல்கள் உண்டு. 1882 ஜூலை 11 அன்று அலெக்சாந்திரியாவின் கோட்டைகள் மீது பிரிட்டிஷ் கப்பல்கள் சுமார் 3,000 குண்டுகளை வீசின. எதிரியின் பீரங்கிகளில் உண்மையில் அழிந்தவை சொற்பம். அதைப் பார்த்தும் பெரிதாக எதுவும் மாறவில்லை. ஸ்காட் தன் நடுவயது வரை இந்தச் சூழலில்தான் வேலை செய்தார். அவர் உருவாக்கிய மின்விளக்குச் சமிக்ஞைக் கருவியைக்கூட மேலிடம் சீக்கிரம் ஏற்றுக்கொள்ளவில்லை.

அவர் பெயர் நிலைத்தது 'சில்லா' என்ற சிறிய குரூசர் வகைப் போர்க்கப்பலில். 1896இல் அதன் கேப்டனாகப் பொறுப்பேற்றார். கப்பல் அலையில் ஆடும்போது பீரங்கியை ஒரு கோணத்தில் நிறுத்திவிட்டு, குறி நேராக வரும் நொடிக்காகக் காத்திருந்து சுடுவதுதான் அப்போதைய வழக்கம். கை இழுப்பதற்குள் கப்பல் மறுபடி சாய்ந்துவிடும். 1898இல் கடல் கொந்தளிப்பாக இருந்த ஒரு நாள் பயிற்சியில் பெரும்பாலானவர்கள் மோசமாகச் சுட, ஒரு மாலுமி மட்டும் நன்றாகச் சுடுவதை ஸ்காட் கவனித்தார். அவர் கப்பலின் ஆட்டத்துக்கு ஈடுகொடுத்து, உயரம் மாற்றும் சக்கரத்தை ஓயாமல் திருப்பிக்கொண்டே இருந்தார். தன்னை அறியாமல் செய்த வேலை அது. மற்றவர்களும் அதைச் செய்யப் பீரங்கியில் என்ன மாற வேண்டும் என்று ஸ்காட் யோசித்தார். சக்கரம் இலகுவாகத் திரும்ப பல்சக்கர விகிதத்தை மாற்றினார். குறிபார்க்கும் தொலைநோக்கியைச் சரிசெய்தார். குண்டை வீணாக்காமல் தினமும் பழக, நகரும் இலக்கின் மேல் பென்சில் புள்ளி வைக்கும் சின்னக் கருவி ஒன்றையும் செய்தார். 1899 போட்டியில் 'சில்லா' 70 குண்டுகள் சுட்டு 56 இலக்கில் பட்டன. நூற்றுக்கு எண்பது. மூன்றில் ஒன்று பட்டாலே போதும் என்றிருந்த கடற்படை அது.

இந்தப் பகுதியைத் தம்பியை இரண்டு தடவை படிக்கச் சொல்லுங்கள். இதில் துணிச்சல் சாகசம் எதுவும் இல்லை. ஒருவரைக் கூர்ந்து பார்த்தது, அளந்தது, சாதனத்தைத் திருத்தியது, தினமும் பழக வைத்தது, இவ்வளவுதான். இந்த மாதிரி வேலை அவனுக்குப் பிடிக்குமா? பிடிக்கும் என்றால் எனக்குச் சந்தோஷம். பீரங்கி வெடிக்கும் காட்சி மட்டும்தான் மனதில் இருக்கிறது என்றால் இன்னும் கொஞ்சம் பேச வேண்டும்.

அதே 1899இல் 'டெரிபிள்' கப்பலோடு தென்னாப்பிரிக்கா போன ஸ்காட், பிரிட்டிஷார் அங்கே நடத்திய போயர் போருக்காகக் கப்பல் பீரங்கிகளைத் தரையில் இழுத்துப் போகும் வண்டிகளைச் சில நாட்களில் செய்து கொடுத்தார். அங்கிருந்து சீனா. அங்கே அவரைச் சந்தித்த வில்லியம் சிம்ஸ் என்ற அமெரிக்க அதிகாரி இந்த முறையைத் தன் கடற்படைக்குக் கொண்டுபோக வருடக்கணக்கில் போராடினார். கடைசியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கே எழுத வேண்டியிருந்தது.

ஸ்காட்டுக்குத் துணையாக நின்றவர் ஃபிஷர். அவர் உச்சப் பதவியில் இருந்த 1905இல் ஸ்காட் இலக்குப் பயிற்சிக்கான ஆய்வாளர் ஆனார். ஆனால் 1907இல், ஜெர்மன் பேரரசரின் வருகைக்காகக் கப்பல்களுக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னபோது, கன்னரியைவிடப் பெயின்டுக்குத்தான் மதிப்பு அதிகம் என்ற பொருள்பட அவர் ஒரு செய்தி அனுப்பினார். தலைமை அட்மிரல் பெரஸ்ஃபோர்ட் அவரை எல்லோரும் அறியக் கண்டித்தார். அப்போது அவர் வகித்த குரூசர் அணியின் தலைமைப் பொறுப்பு 1909இல் முடிந்த பிறகு ஸ்காட்டுக்குக் கடலில் பொறுப்பு எதுவும் கிடைக்கவில்லை. அவர் சொன்னது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் சீருடை வேலையில் நியாயத்தை எந்த இடத்தில், யாரிடம், எந்தத் தொனியில் சொல்கிறோம் என்பதும் திறமையின் ஒரு பகுதி. தம்பி யாரையும் எதிர்த்து வாதாடுகிறவன் என்று நீங்கள் எழுதியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கப்பலின் எல்லாப் பெரிய பீரங்கிகளையும் உயரத்தில் இருக்கும் ஒரே இடத்திலிருந்து குறிவைத்துச் சுடும் முறைக்காக ஸ்காட் பல ஆண்டுகள் வாதாடினார். 1912 நவம்பரில் 'தண்டரர்' அந்த முறையிலும் 'ஓரியன்' பழைய முறையிலும் சுட்டுப் பார்த்தபோது, 'தண்டரர்' ஏறக்குறைய ஆறு மடங்கு அதிகமாக இலக்கில் அடித்தது. ஸ்காட் அப்போது எந்தப் பொறுப்பிலும் இல்லை. அந்த யோசனையை உள்ளேயிருந்து தாங்கிப் பிடித்தவர் ஜெல்லிகோ, யாரோடும் சத்தம் போட்டுச் சண்டையிடாத மனிதர்.

இனி நடைமுறை. நம் கடற்படையில் யாரும் நேரடியாகக் கன்னரி அதிகாரியாகச் சேர முடியாது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் எடுத்துப் படித்து, ஜே.இ.இ. மெயின் தரவரிசை வழியாக கேரளத்தின் எழிமலையில் உள்ள இந்தியக் கடற்படை அகாடமியின் பி.டெக். நுழைவுக்கு விண்ணப்பிக்கலாம். அல்லது யு.பி.எஸ்.சி. நடத்தும் என்.டி.ஏ. (தேசிய பாதுகாப்பு அகாடமி) தேர்வு எழுதலாம். இரண்டிலும் எஸ்.எஸ்.பி. என்ற படை அதிகாரிகள் தேர்வு வாரியத்தின் நேர்காணல் உண்டு. சில ஆண்டுகள் கப்பலில் பணி செய்து தகுதி பெற்ற பிறகுதான் சிறப்புத் துறை. கன்னரி, ஏவுகணைப் பயிற்சி கொச்சியில் உள்ள ஐ.என்.எஸ். துரோணாச்சார்யாவில் நடக்கிறது. அதற்குள் அவன் விருப்பம் மாறினாலும் நஷ்டம் இல்லை. வழிகாட்டல், தகவல்தொடர்பு, நீர்மூழ்கி எதிர்ப்பு என்று வேறு துறைகளும் கடற்படையில் உண்டு.

ஆக, இப்போது முடிவு செய்ய வேண்டியது கன்னரியா இல்லையா என்பதல்ல. கணிதத்தில் அவன் எப்படி என்பதை ஆசிரியரிடம் கேளுங்கள். கோச்சிங்குக்குப் பணம் கட்டுவதற்கு முன்பு, கண் மருத்துவரிடம் பார்வையோடு நிறப்பார்வையையும் சோதித்துவிடுங்கள். நிறக்குறைபாட்டால் கப்பல் பணிக்குத் தகுதி இழக்கும் பிள்ளைகளில் பலருக்கு அது மருத்துவப் பரிசோதனை நாளில்தான் தெரியவருகிறது. அந்த முடிவு வந்ததும் தம்பியையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், மூன்று பேருமாக உட்கார்ந்து பேசலாம்.