கேள்வி-பதில்: உப்புக்காற்று ஊரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்

கேள்வி (குளச்சல் வாசகர்): அண்ணா, மஸ்கட் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டேன். ரெண்டு கதவு, கூரை திறக்கிற பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. அந்தக் காலத்து இங்கிலாந்து எம்ஜி, டிரையம்ப் மாதிரி. எட்டு லட்சம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். வீடு கடலுக்குப் பக்கம். எங்கே தேடுவது, எதைப் பார்த்து வாங்குவது? மஸ்கட்டில் நண்பனிடம் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 சும்மா நிற்கிறது, அதைக் கொண்டுவர முடியுமா?

பதில்: மாஸ்டாவை முதலில் முடித்துவிடுவோம் தம்பி. முடியாது. ஓடிய காரை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்ய வேண்டுமென்றால் அது தயாராகி மூன்று வருடத்துக்குள் இருக்க வேண்டும், ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். வளைகுடா வண்டி இடது பக்க ஸ்டீயரிங், அதுவும் பழசு, ரெண்டிலும் அடிபடுகிறது. மிகப் பழைய வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விலக்கு உண்டு, ஆனால் 1989-இல் பிறந்த எம்எக்ஸ்-5 அந்தக் கணக்கில் வராது. "கார்னெட்டில் கொண்டு வந்துவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். கார்னெட் என்பது கொஞ்ச நாள் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுபோவதற்கான அனுமதி, அந்த வண்டியை இங்கே விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை 'நும்கோர்' என்று பெயர் வைத்து நடத்திய சோதனை ஞாபகம் இருக்கும், பூட்டான் வழியாக வந்ததாகச் சொல்லப்பட்ட வண்டிகளை வீடு வீடாகப் போய்த் தூக்கினார்கள். வெளிநாட்டுக் கார் என்றால் சுங்கவரி கட்டிய பில் ஆஃப் என்ட்ரி கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் எவ்வளவு அழகான வண்டியாக இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள்.

சரி, எம்ஜி. நம் நாட்டில் இருப்பவை கொஞ்சம், நல்ல ஆர்சியோடு இருப்பவை இன்னும் கொஞ்சம், வைத்திருப்பவர்கள் விற்பதில்லை, விற்றாலும் தங்களுக்குள்ளேயே கைமாற்றிக்கொள்கிறார்கள். எட்டு லட்சத்துக்கு ஓடுகிற நிலையில், சுத்தமான பேப்பரோடு எம்ஜி பி என்று ஒருவர் விளம்பரம் போட்டால் எனக்கு வண்டி மேல் அல்ல, ஆள் மேல்தான் சந்தேகம் வரும்.

உங்கள் ஆசைக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிற வண்டி மெட்ராஸிலேயே செய்யப்பட்டது: ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961-லிருந்து பத்து வருடம் போல இங்கே தயாரானது, 948 சிசி எஞ்சின். டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஓடுவது ஹெரால்டின் சேசிஸை (வண்டியின் அடிச்சட்டத்தை) குறுக்கிச் செய்த சேசிஸில்தான், ரெண்டையும் வரைந்தவரும் ஒரே ஆள், இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. முன்பக்க பானெட் மொத்தமாக மூக்கைக் குத்தித் திறக்கும், எஞ்சின் மூன்று பக்கமும் கைக்கு எட்டும், ஒர்க்ஷாப் தம்பிகளுக்குக் கொண்டாட்டம். வேகம் எதிர்பார்க்காதீர்கள். பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில், அதாவது சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடுகிற அச்சு, வளைவில் வேகமாகப் போய் திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை போகிற வளைவுகளில் இது நினைவில் இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. ஹெரால்டின் கூரை போல்ட் போட்டு மாட்டியது, கழற்றிவிடலாம். அதனால் சலூனை வாங்கிக் கூரையை எடுத்துவிட்டு 'கன்வெர்டிபிள்' என்று விலையை ஏற்றி விற்கிறவர்கள் உண்டு. ஆர்சியில் என்ன பாடி என்று போட்டிருக்கிறது பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது, பதிவைப் புதுப்பிக்கப் போகிற அன்று மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

இன்னொரு வண்டி சான் ஸ்டார்ம். கோவாவில் செய்த ரெண்டு சீட்டர், கூரை திறக்கும், ரெனோவின் 1.2 லிட்டர் எஞ்சின். பாடி ஃபைபர் என்பதால் துரு பிடிக்காது, குளச்சல்காரருக்கு இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் அடியில் இருக்கிற ஃபிரேம் இரும்புதான், அதைப் பார்க்காமல் வாங்காதீர்கள். முன்கண்ணாடியோ பம்பரோ உடைந்தால் கடையில் கிடைக்காது, அச்சு எடுத்துச் செய்ய வேண்டும். படகுக்கு ஃபைபர் வேலை செய்கிற ஆட்கள் நம் கடற்கரையில் இருக்கிறார்கள், அந்த வகையில் மற்ற ஊர்க்காரர்களைவிட உங்களுக்கு வசதி.

இப்போது முக்கியமான விஷயம். பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் பானெட்டைத் திறந்து எஞ்சின் சத்தம் கேட்கிறார்கள். எஞ்சினைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம். அம்பாசடரின் 1489 சிசி பி சீரிஸ் எஞ்சினும் 1955-இல் வந்த எம்ஜி ஏ-வின் எஞ்சினும் ஒரே குடும்பம். அம்பாசடர் டாக்சி பிரித்துக் கட்டிய கை நாகர்கோவிலில் இன்னும் இருக்கிறது, சிலிண்டரைக் கடைந்து போரிங் செய்ய லேத் பட்டறை இருக்கிறது, பிஸ்டன் தேடினால் வரும். திரும்ப வராதது இரும்பு. நம் குமரி மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, மேற்கே முழுக்கக் கடல், உப்பும் ஈரமும் சேர்ந்து அடித்தகட்டைத் தின்றுவிடும், மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

ஆகவே பாய் ஒன்றும் டார்ச்சும் கொண்டுபோய்க் கீழே படுத்துப் பாருங்கள். தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், விற்பவர் "ஒட்டியிருக்கு, எடுத்தா கிழியும்" என்றால் அதுவே ஒரு பதில்தான். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைச் சக்கர வளைவிலும் கதவின் கீழ்விளிம்பிலும் ஓட்டுங்கள், பிடிக்காத இடமெல்லாம் பட்டி, அதாவது பள்ளத்தை மறைக்கப் பூசிய பசை. கொஞ்சம் பட்டி இருப்பது குற்றமில்லை, அறுபது வருட வண்டியில் டிங்கரிங் நடக்காமல் இருக்காது, ஆனால் கை அகலத்துக்குப் பட்டி என்றால் உள்ளே தகடே இல்லை. அடியில் புதிதாகக் கறுப்பு கோட்டிங் அடித்து வைத்திருந்தால் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள், 'டண்' என்று கேட்டால் சரி, 'பொத்' என்று கேட்டால் கிளம்புங்கள். ஹெரால்டில் சேசிஸின் பக்கவாட்டுக் கைகள் முதலில் போகும். எம்ஜி பி-க்குத் தனி சேசிஸ் கிடையாது, கதவுக்குக் கீழே ஓடுகிற 'சில்' என்கிற இரும்புப் பகுதிதான் வண்டியின் முதுகெலும்பு. ஜாக்கி போட்டுத் தூக்கும்போது கதவு இடைவெளி மாறுகிறதா, கதவு இறுகுகிறதா என்று பார்த்தால் போதும்.

தேடுகிற இடமும் இதை வைத்துத்தான். கடலோர ஊர் வண்டியைத் தவிர்த்து, கோயம்புத்தூர், மதுரை, நீலகிரி எஸ்டேட் பக்கம் நின்ற வண்டிகளைப் பாருங்கள். கோவையில் பழைய கார் பிரியர்கள் அதிகம், பந்தயப் பாரம்பரியம் உள்ள ஊர், வேலை தெரிந்தவர்களும் உண்டு. எட்டில் ஐந்துக்கு மேல் வண்டிக்குக் கொடுக்காதீர்கள், மீதி வாங்கிய முதல் வருடத்திலேயே போய்விடும்.

வாங்கிய பிறகு பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நின்று வேகமாக அரிக்கும். காற்றோட்டமான ஷெட், பருத்திக் கவர். முட்டம் கடற்கரைச் சாலையில் ஒரு சுற்றுப் போய்வந்தால் அன்றைக்கே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

கேள்வி (மார்த்தாண்டம் வாசகர்): நெய்யாற்றின்கரையில் 2003 ஃபியட் பாலியோ 1.6 ஒன்றும் கான்டெசா 1.8 ஒன்றும் விலைக்கு வந்திருக்கின்றன. ரெண்டும் கேஎல் 20 நம்பர். களியக்காவிளை தாண்டினால் கேரளம்தானே, நம்பர் மாற்றாமலே ஓட்டலாம் என்கிறார் புரோக்கர். எதை வாங்கலாம்?

பதில்: புரோக்கர் ஓட்டமாட்டார், நீங்கள்தான் ஓட்டுவீர்கள். வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் பதிவு மாற்றியே ஆக வேண்டும். நீங்கள் இங்கே குடியிருப்பவர், உங்கள் பேருக்கு மாற்றும்போதே அங்கிருந்து ஃபார்ம் 28-இல் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, பெயர்மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-இல் விற்பவரின் கையெழுத்து வாங்கி, மார்த்தாண்டம் ஆபீஸில் டிஎன் 75 ஆக்கிவிடுங்கள். இங்கே ஆயுள் வரி தனியாகக் கட்ட வேண்டும், பேரம் பேசும்போதே அதைக் கழித்துப் பேசுங்கள். இருபது வருடம் தாண்டிய காருக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கப்பட்டது, இறக்குமதிக் காருக்கு 80,000. எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டு, பதிவு உயிரோடு இருக்கிறதா, லோன் பாக்கி இருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன் பாருங்கள்.

கேரள வண்டி என்பதால் இன்னொன்று: 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூழ்கி எழுந்தவை நிறைய கைமாறியிருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக்கறை இருந்தால் வேண்டாம்.

ரெண்டில் எது என்றால், ஓட்டுகிற சுகத்துக்குப் பாலியோ, சந்தேகமே இல்லை. நூறு குதிரை சக்தி, கனமான உடம்பு, காவல்கிணறு நான்குவழிச் சாலையில் ஆரல்வாய்மொழிக் காற்று பக்கவாட்டில் அடித்தாலும் அசையாமல் போகும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று பில் இல்லாவிட்டால் வாங்கிய அன்றே மாற்றுங்கள். உதிரி பாகம் கொஞ்சம் அலைந்துதான் வாங்க வேண்டும். கான்டெசா பார்க்க மிரட்டும், இசுசு எஞ்சின் நல்ல எஞ்சின், ஆனால் வளைவில் அது தோணி. கல்யாண ஊர்வலத்துக்கு வேண்டுமானால் கான்டெசா.

கேள்வி (தக்கலை வாசகி): தாத்தாவின் 1968 ஹெரால்டு ஷெட்டில் கிடக்கிறது. ஆர்சி புத்தகம் காணவில்லை. வின்டேஜ் நம்பர் வாங்கி வேலைக்கு ஓட்டிக்கொண்டு போகலாமா?

பதில்: வின்டேஜ் நம்பர் கிடைக்கலாம், வேலைக்குப் போக முடியாது. 2021-இல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாமல் இருக்கிற வண்டிக்கு விஏ என்ற எழுத்தோடு தனி நம்பர் தருவார்கள். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்பு, இதற்குத்தான் சாலையில் இறக்கலாம். தினமும் ஓட்ட வேண்டுமென்றால் சாதாரணப் பதிவைப் புதுப்பிக்கிற வழிதான். எதற்கும் முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துச் சான்று வாங்கி ஃபார்ம் 26-இல் டூப்ளிகேட் ஆர்சி, பிறகு வாரிசுச் சான்றிதழோடு ஃபார்ம் 31-இல் உங்கள் பேருக்கு மாற்றம். மற்ற வாரிசுகளின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள், வண்டி மின்ன ஆரம்பித்ததும் சொந்தம் கொண்டாட ஆள் வரும் அக்கா.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): பழைய கார்பரேட்டர் வண்டிக்கு இ20 (இருபது சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

பதில்: ஓடும், ஆனால் எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். நம் ஊர் ஈரத்துக்கு இரும்பு டேங்க் உள்ளுக்குள் துருப்பிடித்து, கார்பரேட்டரில் பெட்ரோல் வருகிற சின்னத் துளையான ஜெட்டை அடைக்கும். பெட்ரோல் ஹோஸ் முழுவதையும் ஆர்9 என்று அச்சிட்ட ரகத்தில் மாற்றுங்கள், பம்ப்பின் டயாஃப்ரம், கார்பரேட்டர் வாஷர் எல்லாம் புதிது போடுங்கள், பம்ப்புக்கு முன்னால் ஒரு ஃபில்டர். ஜூன், ஜூலை மழையில் ஓட்டாமல் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள். ஒரு கிலோ தீயணைப்பான் ஒன்று டிரைவர் சீட்டுக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும், டிக்கியில் அல்ல.