வாசகர் கேள்வி – பதில்: பற்றரி இல்லாத மணிக்கூட்டின் மீது ஏன் இத்தனை ஆசை?

சுருள்வில்லின் விசையால் ஓடும் பொறிமுறைக் கைக்கடிகாரங்களைப் பற்றிக் கொழும்பு வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகள் இந்த இதழில் ஒன்றாகத் தொகுக்கப்பட்டுள்ளன.

கைத்தொலைபேசி செக்கன் பிசகாமல் நேரம் காட்டுகிறது. பற்றரியில் ஓடும் மலிவான குவாட்ஸ் மணிக்கூடு கூட மாதத்துக்குச் சில செக்கன்களே தவறுகிறது. அப்படியிருக்க, நாளுக்குப் பத்துச் செக்கன் முன்பின்னாக ஓடும் ஒன்றுக்கு இலட்சக்கணக்கில் செலவழிப்பதில் என்ன நியாயம்?
— வாசகர், வெள்ளவத்தை

துல்லியத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது முழுவதும் சரி. 1969 டிசம்பர் 25ஆம் திகதி டோக்கியோவில் சீக்கோ நிறுவனத்தின் அஸ்ட்ரோன் என்னும் குவாட்ஸ் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்தபோதே அந்தப் போட்டி முடிந்துவிட்டது. இன்றைய சாதாரண குவாட்ஸ் மணிக்கூட்டிலுள்ள பளிங்கு செக்கனுக்கு 32,768 தடவை அதிர்கிறது. பொறிமுறைக் கடிகாரத்தின் சமநிலைச் சில்லோ பெரும்பாலும் ஆறு அல்லது எட்டுத் தடவைதான் துடிக்கிறது. சுவிற்சர்லாந்தில் குரோனோமீற்றர் சோதனையில் தேறிச் சான்றிதழ் பெற்ற கடிகாரத்துக்குக்கூட, நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு செக்கன் பிந்தவும் ஆறு செக்கன் முந்தவும் இடமுண்டு. 1970 அளவில் ஏறத்தாழ 90,000 பேருக்கு வேலை கொடுத்த சுவிஸ் கடிகாரத் தொழிலில், 1980களின் நடுப்பகுதியில் மூன்றிலொரு பங்கினரே எஞ்சியிருந்தனர் என்பதிலிருந்து குவாட்ஸ் கொடுத்த அடியின் வலிமையை அறியலாம்.

இருந்தும் அந்தத் தொழில் மீண்டெழுந்தது. அதற்கான காரணத்தை விளங்கிக்கொள்ள, பின்மூடி கண்ணாடியாலான ஒரு கடிகாரத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பீப்பாய் போன்ற சிறு கூட்டுக்குள் சுருண்டிருக்கும் முதன்மை வில் தன் விசையைப் பற்சில்லுகளின் வரிசை வழியாகக் கடைசிச் சில்லுக்கு அனுப்புகிறது. அந்த விசை ஒரேயடியாக ஓடித் தீர்ந்துவிடாதபடி, இரண்டு சிவப்புக் கற்கள் பதித்த சிறு கவை ஒன்று அந்தச் சில்லின் பற்களை ஒவ்வொன்றாகத் தடுத்துத் தடுத்து விடுகிறது. கல்லில் பல் மோதும் ஒலியே நாம் கேட்கும் ‘டிக்’. கவையை ஆட்டுவிப்பது சமநிலைச் சில்லு. அந்தச் சில்லை இருபுறமும் மாறிமாறித் திருப்புவது தலைமயிர் பருமனுள்ள ஒரு சுருள்வில். டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் 1675இல் கண்ட அந்தச் சுருள்வில்லின் தத்துவம் இன்றுவரை அடிப்படையில் மாறவில்லை. செக்கனுக்கு எட்டுத் துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு 6,91,200 துடிப்புகள். அத்தனைக்குப் பிறகும் பத்துச் செக்கனே பிசகுகிறது என்றால், அது ஏறத்தாழ 8,600இல் ஒரு பங்குத் தவறு மட்டுமே. உலோகத் துண்டுகளை அராவியும் மெருகிட்டும் இந்த நிலைக்குக் கொண்டுவந்த கைகளை நினைக்கும்போது எனக்கு மலைப்பே உண்டாகிறது.

கைத்தொலைபேசிக்குள் நடப்பதைக் கண்ணால் காண முடியாது. இதற்குள் நடப்பது அனைத்தையும் பொறுமையுள்ள எவரும் பார்த்து விளங்கிக்கொள்ளலாம். அதனினும் முக்கியமாக, இதைத் திருத்தலாம். பத்து வருடப் பழைய கைத்தொலைபேசியை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அறுபது வருடப் பழைய கடிகாரத்தைக் கழற்றிக் கழுவி எண்ணெய் இட்டால், தேய்ந்த பாகங்கள் இல்லாதவிடத்து, அது மறுபடியும் ஓடும். இலட்சங்கள் செலவழிக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. இந்த இன்பத்துக்கு அவை தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து.

1980களில் சவூதியில் வேலை செய்த அப்பா கட்டிவந்த சீக்கோ 5 அலுமாரியில் கிடக்கிறது, ஓடவில்லை. முகப்பை மாற்றி, உறையையும் மெருகூட்டிப் புதிதுபோல் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
— வாசகி, கொட்டாஞ்சேனை

தயவுசெய்து முகப்பை மாற்ற விடாதீர்கள். முதலில் பார்க்க வேண்டியது உள்ளிருக்கும் இயந்திரத்தை. அந்தக் காலத்துச் சீக்கோ 5 கடிகாரங்களில் பெரும்பாலானவற்றுக்குக் குமிழைத் திருகிச் சாவி கொடுக்க முடியாது. கையின் அசைவே உள்ளிருக்கும் அரைவட்ட எடையைச் சுழற்றி வில்லை முறுக்கும். ஆகவே கடிகாரத்தைக் கிடையாகப் பிடித்து மெதுவாக வட்டமாக அசைத்துப் பாருங்கள். செக்கன் முள் சற்று நகர்ந்து நின்றுவிட்டால், பெரும்பாலும் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கிறது என்று கொள்ளலாம். அது கழுவி எண்ணெய் இட்டால் தீரும் குறை. ஆனால் அடிக்கடி அசைத்து ஓட்டிப் பார்க்க வேண்டாம், எண்ணெயின்றி ஓடினால் அச்சுகள் தேயும்.

பின்மூடியில் பொறித்திருக்கும் தொடரிலக்கத்தையும் பாருங்கள். சீக்கோவின் அக்கால வழக்கப்படி, முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 34 என்று தொடங்கினால், உங்கள் அப்பாவின் காலத்தோடு ஒப்பிடுகையில், அது 1983 ஏப்ரலில் செய்யப்பட்டது எனலாம். கிழமை காட்டும் சாளரத்தில் அரபு எழுத்து வருகிறதா என்றும் கவனியுங்கள். மத்திய கிழக்குச் சந்தைக்கென்று செய்யப்பட்டவற்றில் கிழமைத் தட்டு அரபிலும் ஆங்கிலத்திலும் இருக்கும்; அதுவே உங்கள் அப்பா அங்கிருந்து கொண்டுவந்ததற்கு அந்தக் கடிகாரமே தரும் சாட்சி. மாற்று முகப்போடும் வேறொரு கிழமைத் தட்டோடும் திரும்பிவரும் கடிகாரம் பளபளக்கும், ஆனால் அது அவருடையதாக இராது. மெருகூட்டலும் அப்படியே. உறையின் கூரிய விளிம்புகளைச் சக்கரத்தில் கொடுத்து ஒருமுறை மழுக்கிவிட்டால் அவை மீளா. கீறிய கண்ணாடியை மட்டும் தாராளமாக மாற்றலாம். அது விலையும் குறைவு, பார்வைக்கும் நன்று.

திருத்துபவரிடம் இரண்டு விடயங்களை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: முழுவதும் கழற்றிக் கழுவ வேண்டும், மேலால் எண்ணெய் விடுவது போதாது, எடுத்து மாற்றும் பழைய பாகங்கள் எவையாயினும் ஒரு சிறு பையில் போட்டுத் திருப்பித் தர வேண்டும்.

வங்கியில் வேலை செய்கிறேன், சம்பளம் அளவானது. கடிகாரம் சேர்க்க ஆசை. இதை ஒரு முதலீடாகவும் கருதலாமா?
— வாசகர், பம்பலப்பிட்டி

கருத வேண்டாம். நடிகர் போல் நியூமன் கட்டியிருந்த றோலெக்ஸ் டேற்றோனா 2017இல் நியூயோர்க் ஏலத்தில் ஒரு கோடியே 77 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனதும், 2019இல் ஜெனீவாவில் பட்டெக் பிலிப் கடிகாரம் ஒன்று 3 கோடியே 10 இலட்சம் சுவிஸ் பிராங்குக்குப் போனதும் உண்மையே. அவை செய்தியானது அவை அபூர்வம் என்பதாலேயே. கொரோனாக் காலத்தில் சில பெயர்களின் இரண்டாங்கை விலை ஏறிக்கொண்டே போனது. 2022இல் உச்சத்தைத் தொட்டபின் இறங்கியது. கடையில் வாங்கும் கடிகாரங்களில் மிகப் பெரும்பாலானவை வாசலைத் தாண்டியதுமே விலை குறைபவை.

சேர்ப்பதற்கு ஒரு இழையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் 1961இல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய இந்திய நிறுவனமான எச்.எம்.ரி.யின் சாவி கொடுக்கும் கடிகாரங்கள் ஓர் இழை. அந்த நிறுவனத்தின் கடிகாரக் கிளை 2016இல் மூடப்பட்டதால் அவற்றுக்கு ஒரு நிறைவு பெற்ற வரலாறும் இருக்கிறது. நம் தாத்தாக்கள் கைகளில் இருந்த வெஸ்ட் என்ட், பாவ்ரே லூபா, ரிற்றோனி போன்ற சுவிஸ் பெயர்கள் இன்னோர் இழை. சீக்கோ, சிட்டிசன், ஓரியன்ட் ஆகிய ஜப்பானியத் தானியங்கிகள், அதாவது கையசைவால் தாமே முறுக்கிக்கொள்பவை, மற்றொன்று. தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது இதையே, ஏனெனில் உதிரிப்பாகம் கிடைப்பது எளிது. எதை வாங்குவதற்கு முன்னும், புறக்கோட்டையிலோ உங்கள் பகுதியிலோ நீங்கள் நம்பும் ஒரு திருத்துபவரிடம் சென்று, இந்த இயந்திரத்துக்குப் பாகம் கிடைக்குமா, இதை நீங்கள் திறந்ததுண்டா என்று கேளுங்கள். அவர் தலையசைக்காத கடிகாரம் எவ்வளவு அழகானதாயினும் அதை விட்டுவிடுங்கள். ஓட வைக்க ஆளில்லாத முப்பது கடிகாரங்களைவிட, மாறிமாறிக் கட்டும் மூன்று நல்ல கடிகாரங்கள் கொண்ட சேகரிப்பையே நான் மதிப்பேன்.

இணையத்தில் மிக மலிவாக, பழையது ஆனால் பளிச்சென்ற நீலத்திலும் செம்மஞ்சளிலும் கிடைக்கும் சீக்கோ 5களில் பல, முகப்பு மீளப் பூசப்பட்டவை. எழுத்தின் கோடு தடித்தோ கோணியோ இருந்தால் ஐயுறுங்கள்.

முகப்பில் 17 கல், 21 கல் என்று எழுதியிருக்கிறதே, அந்தக் கற்களுக்கு விலைமதிப்பு உண்டா?
— வாசகர், செட்டியார் தெரு

நகைத் தெருவிலிருந்து இக்கேள்வி வந்ததில் மகிழ்ச்சி. அவை பெரும்பாலும் செயற்கை மாணிக்கக் கற்கள். விற்றால் ஒன்றும் தேறாது. ஆனால் அவை அலங்காரமும் அல்ல. உருக்கு அச்சு உலோகத் துளையில் சுழன்றால் தேயும். கடினமும் வழுவழுப்பும் உள்ள கல்லில் சுழன்றால் தேய்வும் உராய்வும் குறைவு, எண்ணெயும் தங்கி நிற்கும். 1704இல் இலண்டனில் கல் துளைக்கும் முறைக்கு உரிமம் பெறப்பட்ட காலத்தில் இயற்கைக் கற்களையே பயன்படுத்தினர். வெர்நுய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1902இல் வெளியிட்ட முறையால்தான் மாணிக்கத்தை மலிவாகச் செய்ய முடிந்தது. இரத்தினபுரியில் தோண்டி எடுக்கும் மாணிக்கமும் நீலமும் குருந்தம் என்னும் ஒரே கனிமம் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நல்ல கடிகாரங்களின் முகப்பை மூடும் ‘சபையர்’ கண்ணாடியும் அதே கனிமத்தின் நிறமற்ற செயற்கை வடிவந்தான். எளிய சாவிக் கடிகாரத்துக்கு 17 கல் போதும். அதற்கு மேல் எண்ணிக்கை கூடுவதால் மட்டும் தரம் கூடிவிடாது.

கடற்கரைப் பக்கம் வீடு. கடிகாரங்களை எப்படிப் பாதுகாப்பது?
— வாசகி, தெஹிவளை

மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் வைத்து, பொதிகளை அவ்வப்போது மாற்றுங்கள். தோல் பட்டி வியர்வையோடு உள்ளே போகக்கூடாது. உலர்ந்த பிறகே வையுங்கள். ‘30 மீற்றர்’ என்று பொறித்திருப்பதை நம்பிக் கடலில் இறங்க வேண்டாம். அது கை கழுவும்போது தெறிக்கும் நீருக்கே போதுமானது, அதுவும் இறப்பர் வளையம் புதிதாக இருக்கும்வரை. கண்ணாடியின் உட்புறம் பனித்தால் அன்றே திருத்துபவரிடம் கொண்டுபோங்கள், ஏனெனில் உப்புக்காற்றில் துரு விரைவாகப் பற்றும். ஒலிபெருக்கிக்கும் காந்தப் பூட்டுள்ள கைப்பைக்கும் அருகில் வைக்கவும் வேண்டாம். நன்றாக ஓடிய கடிகாரம் திடீரென நாளுக்குச் சில நிமிடங்கள் முந்தத் தொடங்கினால், சுருள்வில்லில் காந்தம் ஏறியிருக்கக்கூடும். அதை நீக்கும் சிறு கருவி திருத்துபவரிடம் இருக்கும், வேலை சில நிமிடங்களில் முடியும்.

சாவியை எந்த வேளையில் கொடுக்க வேண்டும்? முழுதாக முறுக்கினால் வில் அறுந்துவிடுமா?
— வாசகர், மட்டக்குளி

காலையில், நாள்தோறும் ஏறக்குறைய ஒரே வேளையில், கையிலிருந்து கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். கட்டியபடியே திருகினால் குமிழின் தண்டு ஒருபக்கமாக இழுபடும். விரலுக்குத் தடை தெரிந்ததும் நிறுத்துங்கள், அதற்கு மேல் வலிந்து திருகினால்தான் ஆபத்து. தானியங்கிகளில் வில் நிறைந்ததும் கூட்டின் சுவரில் வழுக்கிக்கொள்ளுமாதலால் அந்த அச்சமும் இல்லை. திகதி காட்டும் பழைய கடிகாரமாயின், இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் குமிழால் திகதியை மாற்றாதீர்கள். அந்த வேளையில் திகதிச் சில்லைத் தள்ளும் பல் ஏற்கெனவே கொளுவியிருக்கும், அது உடைந்தால் மாற்றுப் பாகம் தேடுவது பெரும்பாடு.