முடி கொட்டுகிறதா? மருந்தாளரிடம் கேளுங்கள்

வணக்கம். சிங்கப்பூரில் மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் நிற்கத் தொடங்கி 14 வருடம் ஆகிறது. என் தலையைப் பார்த்தால் யாருக்கும் ஆலோசனை கேட்கத் தோன்றாது: 23 வயதில் ஏறுநெற்றி, 31இல் மொட்டை, இப்போது 39. இன்று இரவு 10 மணி வரை இளைஞர்களின் முடி உதிர்வு பற்றிக் கேளுங்கள். நான் மருத்துவர் இல்லை. தலையைப் படம் எடுத்து அனுப்பி "இது என்ன?" என்று கேட்டால், மருத்துவரிடம் போங்கள் என்றுதான் பதில் வரும்.

தெக்கோங் தம்பி, 20: அண்ணே, பி.எம்.டி.யில், அதான் தேசிய சேவையின் அடிப்படை இராணுவப் பயிற்சியில், முதல் நாளே மொட்டை அடித்தார்கள். அப்புறம் ஒன்பது வாரம் வெயிலில் ஹெல்மெட். இப்போது முடி வளர்ந்துவிட்டது, ஆனால் நெற்றியின் இரண்டு ஓரமும் உள்ளே போயிருக்கிறது. ஹெல்மெட்தானே காரணம்?

ஹெல்மெட் பாவம் தம்பி, விட்டுவிடு. கத்தரி தொடுவது தோலுக்கு வெளியே இருக்கும் செத்த முடியை. உயிர் இருப்பது வேரில், அது தோலுக்கு அடியில் இருக்கிறது. அதற்கு வேண்டியதெல்லாம் இரத்தத்தில் வருகிறது, காற்றில் இல்லை. மொட்டை அடித்த அன்றுதான் உன் நெற்றிக்கோட்டை நீ முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்திருக்கிறாய், அவ்வளவுதான்.

சரி, உண்மைக் காரணம் என்ன? ஆண்களின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் இருக்கிறது. ஒரு நொதி அதில் கொஞ்சத்தை டி.எச்.டி. என்ற வீரியமான வடிவத்துக்கு மாற்றுகிறது. பரம்பரையாகச் சிலருக்கு முன்மண்டையிலும் உச்சியிலும் உள்ள வேர்கள் இந்த டி.எச்.டி.யைத் தாங்காது. சாதாரணமாக ஒரு முடி 2 முதல் 6 வருடம் வளர்ந்து, சுமார் 3 மாதம் ஓய்வெடுத்து விழும், பிறகு அதே குழியில் புது முடி வரும். டி.எச்.டி. பட்ட குழியில் ஒவ்வொரு சுற்றிலும் வளரும் காலம் குறையும், முடியும் மெலியும். கடைசியில் குழந்தையின் கைரோமம் மாதிரி ஆகிவிடும். முடி ஒரே நாளில் கொட்டிப் போவதில்லை, சுற்றுக்குச் சுற்று சிறுத்துப் போகிறது.

இதை முதலில் சான்றோடு காட்டியவர் ஹாமில்டன் என்ற அமெரிக்கர், 1942இல். பருவ வயதுக்கு முன்பே விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டதும், குடும்பத்தில் வழுக்கை இருந்தவர்களுக்கு விழ ஆரம்பித்தது. 1970களில் டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்தில், அந்த நொதி இல்லாமல் பிறந்த சில ஆண்களை ஆராய்ந்தார்கள். அவர்களுக்கு நெற்றி ஏறவே இல்லை. இன்று நாம் விழுங்கும் ஃபினாஸ்டிரைடு மாத்திரை பிறந்த கதை அதுதான்.

ஆனால் உனக்கு இன்னும் வழுக்கை என்று சொல்ல முடியாது. 17 வயதிலிருந்து 20களின் நடுவரை பெரும்பாலான ஆண்களுக்குச் சிறுவர் நெற்றி கொஞ்சம் ஏறிப் பெரியவர் நெற்றி ஆகும். புருவத்தை உயர்த்து. மேலே விழும் கடைசிச் சுருக்கத்துக்கு மேல் ஒரு விரல் அகலத்தில் முடி தொடங்கினால் பயப்பட ஒன்றுமில்லை. இன்றைக்கு ஒரு படம் எடு. ஆறு மாதம் கழித்து அதே குளியலறையில், அதே விளக்கின் கீழ், காய்ந்த தலையோடு இன்னொரு படம். நடுவில் கண்ணாடி பார்க்காதே.

செங்காங்வாசி, 27: உச்சி வட்டமாகத் தெரிகிறது. மினாக்ஸிடிலா, ஃபினாஸ்டிரைடா?

இரண்டும் இரண்டு வேலை. ஃபினாஸ்டிரைடு 1 மி.கி. டி.எச்.டி.யைக் குறைத்து, இருக்கும் முடியைக் காப்பாற்றுகிறது. அமெரிக்காவில் 1997இல் வழுக்கைக்கு அனுமதி கிடைத்தது. இரண்டு வருடச் சோதனையில் மருந்து சாப்பிட்டவர்களில் 83 விழுக்காட்டினருக்கு முடி எண்ணிக்கை குறையவில்லை. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 28 விழுக்காடு. மினாக்ஸிடில் இரத்த அழுத்த மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு கண்ட இடத்தில் முடி முளைத்ததால், தலைக்குத் தடவும் திரவமாக 1988இல் விற்பனைக்கு அனுமதி பெற்றது. டி.எச்.டி.யை அது தொடாது, முடியின் வளரும் காலத்தைத்தான் நீட்டுகிறது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துபவர்களுக்குப் பலன் அதிகம்.

இங்கே ஃபினாஸ்டிரைடுக்கு மருத்துவரின் சீட்டு கட்டாயம். 5 விழுக்காடு மினாக்ஸிடிலுக்குச் சீட்டு வேண்டாம், மருந்தாளரிடம் கேட்டாலே போதும். திரவம் அரித்தால் நுரையாகக் கிடைப்பதைக் கேளுங்கள். பெரும்பாலும் அரிப்பைத் தருவது திரவத்தில் இருக்கும் புரோப்பிலின் கிளைக்கால் என்ற கரைப்பான்தான்.

பக்கவிளைவை மறைக்க மாட்டேன். அதே சோதனைகளில் ஆசை குறைவது, விறைப்புக் குறைவது போன்ற பாலியல் தொல்லை சொன்னவர்கள் 3.8 விழுக்காடு, வெறும் மாத்திரையில் 2.1. பெரும்பாலோருக்கு நிறுத்தினால் சரியாகிவிடும். சிலருக்கு நீடித்ததாகப் புகார்கள் உண்டு. தற்கொலை எண்ணம் வரக்கூடும் என்பதை ஐரோப்பிய மருந்துக் கண்காணிப்புக் குழு 2025இல் பக்கவிளைவாகவே உறுதி செய்தது. முன்பே மனச்சோர்வு இருந்தவர்கள் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள். மாத்திரை தொடங்கிய பிறகு மனம் இருண்டால் அன்றே நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிடுங்கள். முடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டையும் நிறுத்தினால் சில மாதங்களில் பழைய பாதைக்கே திரும்பிவிடுவீர்கள். அதனால் தொடங்குமுன் படம் எடுங்கள்.

பீஷான் அம்மா: தம்பி, என் இளைய மகனுக்கு 26. பெண் பார்க்கிறோம், போட்டோ கேட்கிறார்கள். மாத்திரை வேண்டாம் என்கிறான். பொடித்துக் கேழ்வரகுக் கஞ்சியில் கலந்து கொடுக்கலாமா? கஞ்சி காய்ச்சுவது மூத்த மருமகள். அவள் மாசமாக இருக்கிறாள்.

அக்கா, அடுப்பை அணையுங்கள். கருவுற்ற பெண் ஃபினாஸ்டிரைடு மாத்திரையின் உடைந்த துண்டையோ பொடியையோ கையால் தொடவே கூடாது. வயிற்றில் இருப்பது ஆண் குழந்தை என்றால் அதன் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம். உடையாத மாத்திரைக்கு மேல்பூச்சு இருப்பதால் அவ்வளவு ஆபத்தில்லை, பொடி அப்படி இல்லை. வீட்டில் அப்படி ஏதும் பொடித்து வைத்திருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். மருமகள் ஏற்கெனவே தொட்டிருந்தால் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்று, 26 வயது ஆணுக்குத் தெரியாமல் அவன் உடம்புக்குள் ஹார்மோனைக் குறைக்கும் மருந்து போடுவது தப்பு. போட்டோவை இருக்கிற தலையோடு அனுப்புங்கள். எப்படியும் மணவறையில் பார்க்கத்தானே போகிறார்கள்.

காலாங் குமரன்: சின்ன வெங்காயச் சாறு?

2002இல் வந்த ஒரு சிறு ஆய்வில் பலன் தெரிந்தது. அது புழுவெட்டுக்கு, அதாவது நாணயம் போல் வட்டமாகக் கொட்டும் நோய்க்கு. பரம்பரை வழுக்கைக்கு இல்லை. வெங்காயம் சாம்பாருக்கு.

பூன் லே பொறியாளர், 25: ஊர் மன்னார்குடி. வந்து ஐந்து மாதம். மூன்றாவது மாதத்திலிருந்து கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. அறையில் 12 பேர், முக்கால்வாசிப் பேருக்கு இதே கதை. சிங்கப்பூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, சரிதானே?

வாரத்துக்கு நான்கு தடவையாவது கடையில் கேட்கும் கேள்வி இது. தண்ணீர் இல்லை. நீங்கள் சொன்ன "மூன்றாவது மாதம்"தான் துப்பு. உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி ஏற்பட்டால் நிறைய முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போகும், 2 முதல் 3 மாதம் கழித்து ஒன்றாக விழும். கடும் காய்ச்சல், டெங்கி, வேகமாக எடை குறைவது, சாப்பாடு தலைகீழாவது எல்லாமே அதிர்ச்சிதான். வந்த புதிதில் எத்தனை கிலோ இறங்கினீர்கள்? வழக்கமாகவே ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி விழும். இது அதைவிட அதிகம், தலை முழுக்கப் பரவலாக இருக்கும், காரணம் நீங்கினால் ஆறு மாதத்தில் பெரும்பாலும் திரும்பிவிடும். முட்டை, பருப்பு, தூக்கம். குறையவில்லை என்றால் மருத்துவரிடம் இரும்புச் சத்தும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஈசூன் வடிகட்டி அண்ணன்: மன்னிக்கணும் தம்பி, இங்கே குழாய்த் தண்ணீரில் குளோரமின் போடுகிறார்கள், அது ஊரறிந்த விஷயம். நான் குளியலறைக் குழாய் வடிகட்டி விற்கிறேன். ஆறு மாதத்தில் முடி திரும்பியவர்கள் எனக்கு நன்றி சொல்கிறார்கள்.

அண்ணே, குளோரமின் போடுவது உண்மை. முடித்தண்டைக் கொஞ்சம் வறட்டலாம், நுனி பிளக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். வேருக்கு எப்படிப் போகும்? ஆறு மாதத்தில் தானாகவே திரும்பும் உதிர்வு என்று மேலே இப்போதுதான் எழுதினேன். உங்கள் வடிகட்டி காக்கை, முடி பனம்பழம்.

ஈசூன் வடிகட்டி அண்ணன்: நம்ம ஊர்த் தண்ணீரில் இந்த ரசாயனம் கிடையாது.

நம்ம ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் வாளி ஓரம் வெள்ளை வெள்ளையாகப் படியுமே, அது என்ன, பாலா? அதில் குளித்த காலத்தில் யாரும் தண்ணீரைக் குறை சொல்லவில்லை.

தோ பாயோ நண்பர்: அப்போ ராத்திரியே வாளியில் பிடித்து வைத்தால் குளோரின் போய்விடும் என்கிறார்களே?

குளோரின் போகும். குளோரமின் அவ்வளவு லேசில் போகாது. வாளியில் கொசு முட்டையிடும். உங்கள் புளோக்கில் டெங்கி வந்தால் அதில் நிஜமாகவே முடி கொட்டும்.

பூன் லே பொறியாளர்: அப்படியென்றால் அறையில் மற்றவர்களுக்கு?

அவர்கள் வயது என்ன? 22 முதல் 30க்குள்தானே. பரம்பரை வழுக்கை தொடங்கும் வயதும் அதுதான். ஊரிலேயே இருந்திருந்தாலும் தொடங்கியிருக்கும், குற்றம் சொல்லத்தான் வேறு ஆள் கிடைத்திருப்பார். இன்று இரவு பதினோரு பேரையும் வரிசையாக உட்காரவைத்துப் பாருங்கள். பின்மண்டையிலும் காதோரத்திலும் அடர்த்தி அப்படியே இருக்கும், உச்சியிலும் முன்னாலும் மட்டும் குறைந்திருக்கும். குழாயைத் திறந்தால் தண்ணீர் தலை முழுக்கத்தானே விழுகிறது? உச்சி எது, பிடரி எது என்று அதற்கு எப்படித் தெரியும்?

ஈசூன் வடிகட்டி அண்ணன்: நீங்கள் மருந்துக் கம்பெனி ஆள்.

நான் மொட்டை, அண்ணே. மருந்துக் கம்பெனிக்கு என் தலையால் ஒரு காசு வருமானம் இல்லை. ஒன்று செய்வோம்: இனிமேல் வடிகட்டி வாங்குபவரின் தலையைப் பொருத்துவதற்கு முன் ஒரு படம், ஒரு வருடம் கழித்து அதே வெளிச்சத்தில் ஒரு படம். பத்துப் பேர் படம் கொண்டுவாருங்கள், இதே இடத்தில் மன்னிப்புக் கேட்கிறேன். தண்ணீர் இத்துடன் முடிந்தது. இனி யார் கேட்டாலும் மேலே பார்க்கச் சொல்வேன்.

உட்லண்ட்ஸ் ரவி: மினாக்ஸிடில் தொடங்கி மூன்று வாரம். முன்பைவிட அதிகம் கொட்டுகிறது!

மருந்து வேலை செய்கிறது. ஓய்வில் இருந்த முடியைத் தள்ளிவிட்டு அந்தக் குழி புதிதாகத் தொடங்குகிறது. சில வாரம் பொறுங்கள். நான்கு மாதத்துக்குள் தீர்ப்பு எழுதாதீர்கள். வீட்டில் பூனை இருக்கிறதா? மினாக்ஸிடில் பூனைக்கு நஞ்சு. உங்கள் தலையணையை நக்கினால்கூட இதயம், நுரையீரல் பாதித்துச் சாகலாம். வீவக எனும் அரசு அடுக்குமாடி வீடுகளில் 2024 செப்டம்பரிலிருந்து பூனை வளர்க்க அனுமதி வந்துவிட்டது, அதனால் மருந்து விற்கும்போதெல்லாம் இதைக் கேட்கிறேன்.

பாசிர் ரிஸ், 24: ஒரு முடிப் பராமரிப்பு நிலையத்தில் இலவசச் சோதனை. உடனே கட்டினால் 10 தடவைக்கு 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றார்கள்.

எனக்கு 24 வயதில் இதே நாற்காலி. உருப்பெருக்கியில் என் தலைத்தோலைத் திரையில் காட்டி, "இன்னும் மூன்று மாதத்தில் எதுவும் மிஞ்சாது" என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். மூலிகைப் பூச்சு, நீராவி, நீல விளக்கு. கடைசித் தடவை போனபோது அடுத்த பேக்கேஜை நீட்டினார்கள். அந்தப் பணத்தில் பல வருடத்துக்கு மருந்து வாங்கியிருக்கலாம். அதைவிட, மருந்து நன்றாகப் பிடிக்கும் வயதில் 14 மாதம் போயிற்று, அதுதான் இன்னும் உறுத்துகிறது. கட்டாதீர்கள். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு வாங்கி மண்டலே ரோட்டில் உள்ள தேசியத் தோல் நிலையத்துக்குப் போங்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், காத்திருங்கள்.

அங் மோ கியோ: சென்னையில் முடி நடவு மலிவாமே? எனக்கு 22.

22இல் வேண்டாம். வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று இன்னும் தெரியாது. முன்னால் நட்டுவிட்டு, பின்னால் இருப்பது கொட்டினால் நடுக்கடலில் தீவு மாதிரி நிற்கும். பிடரியில் எடுக்கக்கூடிய முடியும் அளவானதுதான், ஒருமுறை எடுத்த வேர் அங்கே மறுபடி முளைக்காது. எங்கே செய்தாலும் கத்தி பிடிப்பவர் மருத்துவரா, மயக்க மருந்தை யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். 2016இல் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவரே இறந்துபோனார்.

ஹவ்காங்: பயோட்டின் மாத்திரை?

குறைபாடு இல்லாதவருக்குப் பலனில்லை. இரத்தச் சோதனைக்கு முன் சாப்பிட்டால் தைராய்டு, இதய முடிவுகள் தப்பாக வரலாம். ஆய்வகத்தில் சொல்லுங்கள்.

புக்கிட் பாத்தோக்: ஊரிலிருந்து ஃபினாஸ்டிரைடு ஒரு வருடத்துக்கு வாங்கி வரலாமா?

சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவுக்கு மேல் வேண்டாம். இரத்த தானம் செய்பவர் என்றால் கடைசி மாத்திரைக்கு அப்புறம் ஒரு மாதம் இடைவெளி விடுங்கள்.

கிளமென்டி: மினாக்ஸிடில் போட்டு அதிகம் கொட்டுகிறது, நிறுத்தலாமா?

உட்லண்ட்ஸ் ரவிக்குச் சொன்னதைப் பாருங்கள். பூனையையும் சேர்த்து.

சிராங்கூன்: இந்தத் தண்ணீரால்...

மேலே.

தெம்பனிஸ், 29: எல்லாம் முயன்று பார்த்தாயிற்று அண்ணே. மொட்டை அடித்துவிடலாமா? ஆபீஸில் போத்தாக் (மலாயில் மொட்டை) என்று கூப்பிடுவார்கள்.

ஒரு வாரம் கூப்பிடுவார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், அப்புறம் மதியச் சாப்பாட்டுக்கு யார் வரிசையில் நிற்பது என்ற சண்டையில் மறந்துவிட்டார்கள். முதலில் மெஷினில் மூன்றாம் எண் வைத்து ஒட்ட வெட்டிப் பாருங்கள், பிடித்தால் கீழே இறங்குங்கள். தேக்காவில் இருக்கும் என் முடிவெட்டுக்காரர் இன்னும் முழுக் காசுதான் வாங்குகிறார், அது வேறு கதை. மதிய வெயிலில் தொப்பியோ வெயில்காப்புக் களிம்போ இல்லாமல் போகாதீர்கள். முதல் வாரமே உச்சி வெந்து, தலையணையில் தலை வைக்க முடியாமல் குப்புறப் படுத்தவன் நான்.

மணி 10 ஆயிற்று. நாளை எனக்குக் காலை ஷிஃப்ட்.