நியூயார்க்கில் பழைய கட்டடத்தை இடிக்கவிடாமல் தடுப்பது எது?

வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் பட்டியலான தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் பெயர் இருந்தால் அமெரிக்காவில் ஒரு கட்டடத்தை இடிக்க முடியாதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இடிக்கலாம். உரிமையாளர் தன் சொந்தக் காசில் இடித்தால் அந்தப் பதிவேடு குறுக்கே நிற்காது. கையைப் பிடித்துத் தடுப்பது உள்ளூர்ச் சட்டம்தான்.

1963இல் நியூயார்க்கின் பென் ஸ்டேஷன் ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கியபோது தடுக்கச் சட்டமே இல்லை. அதைப் பார்த்த மக்களின் ஆத்திரம் அடங்குவதற்குள், 1965இல், நகரத்தின் நினைவுச்சின்னச் சட்டம் வந்தது. குறைந்தது 30 வயதான கட்டடத்தை நகர ஆணையம் சின்னமாக அறிவித்துவிட்டால், அப்புறம் தெருப்பக்க மரஜன்னலைக் கழற்றி அலுமினிய ஜன்னல் வைப்பதற்கும் அனுமதி வாங்க வேண்டும். உள்ளே சமையலறைக்கு என்ன வண்ணம் அடித்தாலும் பொதுவாக யாரும் கேட்க மாட்டார்கள்.

சரி, உரிமையாளருக்கு இது அநியாயம் இல்லையா? கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் தலைமேல் 55 மாடி எழுப்ப அனுமதி மறுக்கப்பட்டதும் ரயில் கம்பெனி இதைத்தான் கேட்டது. 1978இல் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என நகரத்தின் பக்கம் நின்றது: நிலையம் நிலையமாகவே வருமானம் தருகிறது, மேலே கட்டாத மாடிகளுக்கான உரிமையை அக்கம்பக்க மனைகளுக்கு மாற்றவும் வழியிருக்கிறது. என்னைக் கேட்டால், இந்த மாற்று வழிதான் சட்டத்தின் கெட்டிக்காரத்தனம்.