பழைய ஊர்களில் யார் இருக்கிறார்கள்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குடும்பத்தோடு சீனாவின் லிஜியாங் பழைய நகரத்துக்குப் போயிருந்தோம். படத்தில் பார்த்தது போலவே கால்வாய்கள், கல் பாவிய தெருக்கள், ஓட்டு வீடுகள். ஆனால் எந்த வாசலில் எட்டிப் பார்த்தாலும் கடை. இரண்டாம் நாளே சலித்துவிட்டது. பழமையைப் பாதுகாப்பது என்றால் இவ்வளவுதானா? அடுத்து ஜப்பானின் ஷிரகாவா-கோ போக நினைக்கிறோம். அதுவும் இப்படித்தான் இருக்குமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் சலிப்பு நியாயமானதுதான். ஆனால் லிஜியாங்கின் கட்டிடங்களில் குறை இல்லை. 1996 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஊரைச் சீர்செய்தார்கள், மறு ஆண்டே யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தது. அப்புறம் கூட்டம் வந்தது, வாடகை ஏறியது, தலைமுறைகளாக அங்கே இருந்த நாஷி இனக் குடும்பங்களில் பல, வீட்டை வெளியூர் வியாபாரிகளுக்கு விட்டுவிட்டுப் புதிய நகரத்துக்குக் குடிபோய்விட்டன. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், மாதாமாதம் வரும் வாடகை யாருக்குத்தான் கசக்கும்? வீடு நிற்கிறது, குடியிருந்தவர்கள் இல்லை. உங்களை உறுத்தியது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஜப்பானில் சில ஊர்கள் இதை முன்கூட்டியே யோசித்துவிட்டன. நகாசெண்டோ என்ற பழைய நெடுவழியில் இருக்கும் சுமாகோவில் 1971-ல் ஊரார் கூடி, வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். ஷிரகாவா-கோவின் ஒகிமாச்சி கிராமத்தாரும் அதே ஆண்டு அதே மூன்றையும் ஏற்றுக்கொண்டார்கள். இதில் நடுவில் இருப்பதுதான் பெரிய விஷயம். இடிக்காதே என்று அரசு சட்டம் போட்டுவிடலாம். வாடகைப் பணம் வேண்டாம் என்பதை ஊர்க்காரர்கள் தாங்களாகத்தான் சொல்ல வேண்டும்.

ஒகிமாச்சியில் வெளியே நின்று படம் எடுப்பதோடு திரும்பிவிடாதீர்கள். பார்வைக்குத் திறந்திருக்கும் வீடு ஒன்றில் மாடிக்கு ஏறுங்கள். கூப்பிய கைகளைப் போலச் செங்குத்தாக இறங்கும் புல் கூரை, பனி வழுக்கி விழுவதற்காக. அதன் மரங்களை ஆணி அடிக்காமல் வைக்கோல் கயிற்றாலும் பச்சை மரக்கொம்புகளாலும் கட்டியிருப்பார்கள். பச்சையாக முறுக்கிக் கட்டிய கொம்பு காயக் காய இறுகிக்கொள்ளும். கயிறும் மரமும் கருகருவென்று இருக்கும், கீழே தரையில் பதித்த அடுப்பின் புகை பல்லாண்டுகளாக ஏறி ஏறிப் படிந்த கருப்பு. அந்தப் புகைதான் புல்லைப் பூச்சி அரிக்காமலும் ஈரம் தங்காமலும் காப்பாற்றுகிறது. அடுப்பு மூட்ட ஆள் இல்லாத வீட்டில் கூரை சீக்கிரமே கெட்டுப்போகும். பட்டுப்புழு வளர்த்த மேல்தளங்களின் தரையில் இடைவெளி விட்டிருப்பதும் சூடும் புகையும் மேலே வரத்தான்.

முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை கூரையைப் பிரித்து மறுபடி வேய வேண்டும். அந்த நாளில் நூறு பேருக்கு மேல் கூரையில் ஏறி ஒரு பக்கத்தை ஒரே நாளில் முடிப்பார்கள். இன்று உன் வீடு, நாளை என் வீடு என்ற கணக்கு. இப்போது பல கூரைகளைத் தொழில்முறை ஆட்கள்தான் வேய்கிறார்கள் என்றாலும் அந்த வழக்கம் அற்றுப்போகவில்லை. பாதுகாப்பு என்று நான் மதிப்பது இந்த உழைப்பைத்தான்.

சரி, கூட்டம்? இருக்கும். சில நூறு பேர் வசிக்கும் ஒகிமாச்சிக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள், கடைகளும் உண்டு. பெரும்பாலானோர் பேருந்தில் வந்து சில மணி நேரத்தில் கிளம்பிவிடுபவர்கள். நீங்கள் தயவுசெய்து ஓர் இரவு தங்குங்கள், அந்தப் பணம் குடியிருப்பவர்களின் கைக்குப் போகும். தாழ்ப்பாள் இல்லாத கதவைப் பார்த்ததும் உள்ளே நுழைந்துவிடாதீர்கள், அது ஒருவருடைய வீடு. புகைபிடிப்பதானால் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் மட்டும், ஊர் முழுக்கப் புல் கூரை.

கூட்டமே பிடிக்காது என்றால் பக்கத்துக் கொகாயாமாவுக்குப் போங்கள். அங்கே ஐனோகுரா கிராமத்தில் இப்படிப்பட்ட புல் கூரை வீடுகள் இருபது, சுகனுமா கிராமத்தில் ஒன்பதுதான். ஷிரகாவா-கோவோடு சேர்த்து 1995-ல் உலக மரபுச் சின்னமானவை. என்னைக் கேட்டால் ஐனோகுரா. தங்க அறைகள் மிகக் குறைவு, அதனால் விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே இடம் உண்டா என்று விசாரித்துவிடுங்கள்.