கேம்பிங் என்றால் சிலருக்கு உயிர், சிலருக்கு ஆகவே ஆகாது. ஏன் இப்படி?

எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சியும் உண்டு. அப்பாவுக்குக் காட்டில் படுக்கப் போவதென்றால் கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற சந்தோஷம். அம்மாவிடம் அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் மாறிவிடும். இத்தனைக்கும் இரண்டு பேரும் போனது ஒரே இடத்துக்கு, ஒரே வேனில்.

திருநெல்வேலிப் பக்கம் கேம்பிங் என்ற சொல் வருவதற்கு முன்பே அந்தச் சங்கதி இருந்தது. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பம் குடும்பமாகப் போய், தாமிரபரணிக் கரையில் தார்ப்பாயைக் கட்டி, நாள்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வருவது. பானை, பாய், அரிசி மூட்டை, பிள்ளைகள், நேர்ந்துவிட்ட கிடா எல்லாம் ஒரே வண்டிக்குள். அது 1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகிற இடம், அதனால் இப்போது வனத்துறை சில நாள்தான் தங்க விடுகிறது, பிளாஸ்டிக்கும் கொண்டுபோகக் கூடாது (நல்ல காரியம், ஆறு கொஞ்சமாவது பிழைக்கும்). நான் சொல்வது என் சின்ன வயசுக் கதை.

வேனை விட்டு இறங்கியதும் அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குப் போனால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்புவார். அம்மா மூன்று கல்லைக் கூட்டி, சாரலில் நனைந்த விறகை ஊதிக்கொண்டிருப்பாள். அந்த விறகு எரியாது, புகையும். கண் சிவந்து, மூக்கு நுனியெல்லாம் கரி அப்பியிருக்கும். பன்னிரண்டு பேருக்குச் சோறு வடித்துப் பாத்திரம் கழுவி நிமிர்வதற்குள் அடுத்த வேளை வந்துவிடும், நடுவில் குரங்கு மேல் ஒரு கண், தம்பி ஆற்றில் இறங்கிவிடாமல் ஒரு கண். "வீட்டுல ஊதுன அடுப்பைக் காட்டுல வந்து ஊதுறதுக்குப் பேரு டூராக்கும்!" என்று யாரைப் பார்த்தும் இல்லாமல் சொல்வாள். அப்புறம் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஆம்பிளைகள் எந்நேரமும் புதர் மறைவுக்குப் போகலாம், பொம்பிளைகள் விடிவதற்கு முன்னால் நாலு பேராகச் சேர்ந்து டார்ச் அடித்துக்கொண்டு போக வேண்டும். அதற்குப் பயந்தே பொழுது சாய்ந்தால் அம்மா தண்ணீர் குடிக்க மாட்டாள். தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்துகொண்டு!

ஒரு வருஷம் மாமா சமையலுக்கு ஆள் கூட்டி வந்தார். அம்மாவும் சித்தியும் பாறையில் உட்கார்ந்து தண்ணீருக்குள் காலைத் தொங்கப் போட்டிருந்தார்கள், மீன்குஞ்சு வந்து பாதத்தைக் கொத்தக் கொத்தச் சின்னப் பிள்ளைகள் மாதிரி ஒரே சிரிப்பு. கிளம்புகிற அன்று "நாளைக்குப் போவோமே" என்றது அம்மாதான். அப்பா திருதிருவென்று முழித்தார்.

அதனால் யாராவது எனக்குக் கேம்பிங் ஆகாது என்றால், அங்கே யார் அடுப்பு ஊதினார்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

சரி, வேலையே செய்யாதவர்களுக்கும் சிலருக்குப் பிடிப்பதில்லையே என்றால், அதற்கு நானே சாட்சி. நண்பர்களோடு குற்றாலம் பக்கம் ஒரு தனியார் தோப்பில் ஒரு சனிக்கிழமை ராத்திரி கூடாரத்தில் படுத்தேன். சாப்பாடு, பாட்டு, அரட்டை எல்லாம் பிரமாதம். படுத்த பிறகுதான் வினை. பத்தமடைப் பாய் கொண்டுபோயிருந்தேன். கோரைப்பாய் உடம்புக்குக் குளிர்ச்சி என்று சித்திரை வெயிலில் கொண்டாடுவோமே, அதே பாயைச் சாரல் காலத்து ஈர மண்மேல் விரித்தால் ராத்திரி முழுக்கத் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மழைக்குப் பயந்து ஜன்னல் ஜிப்பையெல்லாம் இழுத்து மூடியதில், நாங்கள் விட்ட மூச்சே கூடாரத் துணியில் நீராகப் படிந்து நெற்றியில் சொட்டியது. ஓட்டை என்று நினைத்து, கூடாரம் வாடகைக்குக் கொடுத்தவனைத் திட்டித் தீர்த்தோம், பாவம்.

தூக்கமும் வரவில்லை. அதற்குக் காரணம் அப்புறம்தான் தெரிந்தது. புது இடத்தில் முதல் ராத்திரி மூளையின் இரண்டு பாதியும் ஒரே மாதிரி தூங்குவதில்லையாம், இடது பாதி காவல்காரன் மாதிரி அரைத் தூக்கத்தில் இருந்துகொண்டு சின்னச் சத்தத்துக்கும் எழுப்பிவிடும் என்று அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் எழுதியிருக்கிறார்கள். மறு தடவை அதே இடத்தில் படுத்தால் அது அடங்கிவிடுகிறது. இப்போது யோசித்துப் பாருங்கள், நம்மில் முக்கால்வாசிப் பேர் சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிற ஆட்கள். இருப்பதிலேயே மோசமான ராத்திரியை மட்டும் அனுபவித்துவிட்டு, எனக்கு ஒத்து வராது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அப்பா கூட்டம் நாள்கணக்கில் தங்கியது. மூன்றாம் நாள் அவர் விட்ட குறட்டைக்குக் குரங்கே கிட்ட வராது.

இந்த ஆடிக்கு மறுபடி போவதாக வீட்டில் பேச்சு நடக்கிறது. சமையலுக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று அப்பாவே முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். "அது சரி, கக்கூஸுக்கு என்ன ஏற்பாடு?" என்று அம்மா கேட்டாள். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.