ஜெர்மனி போனால் ஜெர்மன் தானாக வந்துவிடுமா?

கேள்வி: தம்பி மாஸ்டர்ஸ் படிக்க ஜெர்மனி போகிறான். பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தானாம். இங்கேயே ஜெர்மன் படித்துவிட்டுப் போக வேண்டுமா, அங்கே போய் இருந்தால் தானாக வந்துவிடாதா?

வராது. நானும் அப்படி நினைத்துத்தான் 2017 அக்டோபரில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து கிளம்பி கெம்னிட்ஸில் போய் இறங்கினேன். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், சென்னையில் ஏ1 என்ற முதல் படி ஜெர்மன் வகுப்பில் (அடுத்த படிகள் ஏ2, பி1) படித்திருந்ததிலேயே பாதி மறந்துபோயிருந்தது.

எப்படி வரும்? வகுப்பு ஆங்கிலத்தில். வீட்டில் ஐந்து பேர், என்னோடு சேர்த்து மூன்று பேர் தமிழ், ஒருவன் குண்டூர், ஒருவன் புனே. ஞாயிற்றுக்கிழமையானால் டப்பாத் தேங்காய்ப்பாலில் சொதி வைத்து, இஞ்சிப் பச்சடி இல்லையே என்று புலம்பிக்கொண்டே சாப்பிடுவோம். சூப்பர் மார்க்கெட்டில் விலை திரையில் வந்துவிடும், கார்டைக் காட்டினால் போதும், வாயைத் திறக்கவே வேண்டாம்.

ஒரு தடவை பல் வலி. போனில் நேரம் கேட்டேன், 'ஃபீர்டல் ட்ஸேன்' என்றார்கள். ஃபீர்டல் என்றால் கால், ட்ஸேன் என்றால் பத்து, ஆக பத்தேகால் என்று நானே கணக்குப் போட்டு, சாவகாசமாகக் குளித்துவிட்டுப் போனேன். அங்கே போனால் ஒரு மணி நேரம் லேட். அந்தப் பக்கத்து வழக்கில் அது ஒன்பதேகாலாம். அதாவது பத்தாவது மணியில் கால் பங்கு முடிந்திருக்கிறது என்று அர்த்தம். 'ஆமாம்' என்பதற்கு 'யா' என்று படித்துவிட்டுப் போயிருந்தேன், ஊர்க்காரர்களில் பாதிப் பேர் 'நூ' என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன? நாம் 'வாராவ, போறாவ' என்று பேசுவதை எந்தத் தமிழ்ப் பாடப்புத்தகம் சொல்லித்தருகிறது!

இதையெல்லாம் ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. 1967-ல் ஜான் கேரல் என்பவர், அமெரிக்கக் கல்லூரிகளில் மொழிப் பாடம் எடுத்த கடைசி வருஷ மாணவர்களைச் சோதித்து, வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு மொழி நன்றாக வருகிறது என்று எழுதினார். அதை மட்டும் படித்தால் போனாலே போதும் என்றுதான் தோன்றும். ஆனால் 2004-ல் ஃப்ரீட், செகலோவிட்ஸ், டூயி என்ற மூன்று பேர், பிரெஞ்சு படித்த அமெரிக்க மாணவர்களை மூன்று கூட்டமாக வைத்துப் பார்த்தார்கள்: தன் கல்லூரியிலேயே வழக்கமான வகுப்பில் படித்தவர்கள், ஒரு செமஸ்டர் பிரான்ஸுக்கே போனவர்கள், அமெரிக்காவிலேயே கோடையில் பிரெஞ்சு மட்டுமே பேசும் தீவிரப் பயிற்சியில் இருந்தவர்கள். சரளமாகப் பேசுவதில் அதிகம் முன்னேறியது யார் தெரியுமா, விமானமே ஏறாத அந்தக் கோடைக் கூட்டம்! பிரான்ஸில் இருந்தவர்கள் வகுப்புக்கு வெளியே பிரெஞ்சைவிட ஆங்கிலம்தான் அதிகம் பேசியிருக்கிறார்கள், எங்கள் சொதி வீடு மாதிரியே. மொத்தம் 28 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், அதை வேதவாக்காக எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது.

எனக்கு ஜெர்மன் வந்தது ஒரு பேக்கரியில். இரண்டாவது வருஷம், கையில் காசு இல்லாமல் சனிக்கிழமை காலை ஐந்து மணி ஷிப்ட். கடையில் அறுபது தாண்டிய ஒரு அம்மா. அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்த ஊருக்கே கார்ல்-மார்க்ஸ்-ஸ்டாட் என்றுதான் பெயர், கிழக்கு ஜெர்மனியில் எல்லாருக்கும் கட்டாயம் ரஷ்ய மொழி, அதனால் ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. எனக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடைத்திருக்க மாட்டார். கிடுக்கியில் ரொட்டியைப் பிடித்துக்கொண்டு, ஜெர்மனில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'டேர்', 'டீ', 'டாஸ்' மூன்றில் அதற்கு எது என்று நான் சரியாகச் சொல்லும்வரை கையில் தரமாட்டார். எட்டு மணிக்கு வரிசை கூடிவிடும், அப்போது தப்பாகச் சொன்னால் வரிசையில் நிற்கிற தாத்தாக்களே திருத்துவார்கள். ஆனால் ஒன்று, அந்த வேலைக்கு முன்னால் விடுமுறையில் உட்கார்ந்து ஏ2 முடித்திருந்தேன். வெறும் ஏ1-ஐ வைத்துக்கொண்டு போயிருந்தால் அந்த அம்மா பேசியது எனக்கு வெறும் சத்தமாகத்தான் கேட்டிருக்கும்.

நம்ம இடையன்குடி கால்டுவெல்லையே பாருங்கள். 1838-ல் மெட்ராஸில் இறங்கியவர், அங்கே தமிழ் படித்துவிட்டு 1841-ல்தான் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார். வந்தபின் கல்யாணம் செய்துகொண்டது எலைசாவை, நாகர்கோவில் மிஷனரி மால்ட்டின் மகள், பேச்சுத் தமிழ் நன்றாகத் தெரிந்தவர். முதலில் பாடம், அப்புறம் வீட்டுக்குள்ளேயே பேச ஆள். தம்பிக்கு முதல் பாதியை மட்டும் சிபாரிசு செய்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேக்கரி ஜெர்மனை நம்பி ஒரு வேலை இன்டர்வியூவுக்குப் போய் அசிங்கப்பட்டேன். பதினைந்து வகை ரொட்டிக்குப் பெயர் தெரியும், என் புராஜெக்ட்டை இரண்டு வாக்கியத்தில் விளக்கத் தெரியவில்லை. அன்றாடப் பேச்சு வேறு, படிப்புக்கான மொழி வேறு என்று கனடாவின் மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே சொல்லிவிட்டார், இரண்டாவது வர இன்னும் பல வருஷம் பிடிக்கும் என்று அப்புறம் எழுதினார். அவர் பார்த்தது பள்ளிப் பிள்ளைகளை. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இன்ஜினியரிங் வைவாவில் முழித்த நமக்கு இது புதுசா என்ன?

அதனால் தம்பி இங்கிருந்தே ஏ2 முடித்துவிட்டுப் போகட்டும், முடிந்தால் பி1. வகுப்பு இப்போது ஆன்லைனிலும் இருக்கிறது, பரீட்சைக்கு மட்டும் சென்னைக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் போதும். அங்கே போனதும் ரூம் எடுக்கும்போது நம்மாட்கள் இல்லாத வீடாகப் பார்க்கச் சொல்லுங்கள், முதல் மாதம் அழுகை வரும், பரவாயில்லை. மாணவர்கள் இப்போது வருஷத்துக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை பார்க்கலாம் (நான் போனபோது 120 நாள்தான்), அதில் கொஞ்சமாவது வாடிக்கையாளரிடம் பேசுகிற வேலையாக இருக்கட்டும், கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலையில் காசு வரும், மொழி வராது. படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். ஜெர்மன் இல்லாமல் அந்த 18 மாதம் எவ்வளவு சீக்கிரம் ஓடும் என்று என்னோடு இருந்த குண்டூர்க்காரனைக் கேட்டால் சொல்வான்.

விசா பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், என்னுடையது பழைய கதை.